மணிலா (நிலக்கடலை) ஏலத்தில் சீட்டு விழும் முன்பே ஈரமும் பருப்புத் தேறலும் அளந்து எழுதக் கோரும் மனு

அனுப்புநர்
மணிலா சாகுபடி விவசாயிகள்,
விழுப்புரம் மாவட்டம்.

பெறுநர்
ஆணையர் அவர்கள்,
வேளாண் விற்பனை மற்றும் வேளாண் வணிகத் துறை,
சென்னை.

பொருள்: ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களில் மணிலா லாட்டுகளுக்கு ஏலத்துக்கு முன் தர அளவீடு செய்வது, சாக்கு எடைக் கழிவு, பட்டுவாடா, பொருளீட்டுக் கடன் ஆகியவற்றில் திருத்தம் கோருவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம். ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தை எங்கள் பக்கம் கமிட்டி என்றே சொல்வோம். கமிட்டியில் தரகு கிடையாது. ஒரு சதவீத சந்தைக் கட்டணத்தையும் வாங்குகிற வியாபாரியே கட்டுகிறார். விலை பிடிக்காவிட்டால் சரக்கைத் தர மறுக்கும் உரிமையும் விவசாயிக்கு உண்டு. இதையெல்லாம் நன்றாக அறிந்தே இந்த மனுவை எழுதுகிறோம். எந்தக் கூடத்தையும் எந்த ஊழியரையும் பெயர் சொல்லிக் குறை கூறுவது எங்கள் நோக்கமில்லை. வியாபாரிகள் விலையைச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போடுவதே மறைமுக ஏலம். அந்தச் சீட்டு விழுவதற்கு முன் சரக்கின் ஈரத்தையும் பருப்புத் தேறலையும், அதாவது காயை உடைத்தால் கிடைக்கும் பருப்பின் சதவீதத்தையும், அளக்கும் வேலை விட்டுப்போகிறது. அதனால் பதமாகக் காயவைத்த மணிலாவும் அரைகுறையாகக் காய்ந்ததும் ஏறத்தாழ ஒரே விலைக்குப் போகின்றன. எங்கள் முதன்மையான கோரிக்கை இந்த ஒன்றைப் பற்றியதுதான்.

இப்போது நடப்பது இது. ஒருவர் விற்கக் கொண்டுவந்த மூட்டைகளை ஒரு லாட்டாக எண் போட்டு அடுக்கியதும் வியாபாரிகள் சுற்றி வருகிறார்கள். கை நிறைய அள்ளி, குலுக்கிச் சத்தம் கேட்டு, இரண்டைக் கடித்துப் பார்த்துவிட்டுச் சீட்டில் விலை எழுதுகிறார்கள். பழகிய கைக்குப் பிஞ்சும் பொக்கும் தெரிந்துவிடும். ஆனால் 8 சதவீத ஈரத்தையும் 10 சதவீத ஈரத்தையும் எந்தப் பல்லாலும் பிரித்தறிய முடியாது. தெரியாத சரக்குக்கு யாராக இருந்தாலும் மோசமானது என்று வைத்துக்கொண்டுதான் விலை போடுவார். அது வியாபாரியின் குற்றம் ஆகாது. ஆலைக்குப் போன பிறகு எடை குறைந்தால் நட்டம் அவருக்கு.

கணக்கைப் பார்த்தால் பிரச்சினையின் அளவு புரியும். 12 சதவீத ஈரமுள்ள 100 கிலோ காயில் உலர்ந்த பொருள் 88 கிலோ. அதையே 8 சதவீதத்துக்குக் காயவைத்தால் 95.65 கிலோ நிற்கும். ஆக, நியாயமான கழிவு 100 கிலோவுக்கு 4.35 கிலோ. கண்மதிப்பில் ஆறு ஏழு கிலோ கழித்து விலை எழுதினால் ஈரச் சரக்கு கொண்டுவந்தவர் இழக்கிறார். சராசரியாக ஒரு கழிவை மனதில் வைத்து எல்லா லாட்டுக்கும் எழுதினால், கூடுதலாக இரண்டு நாள் களத்தில் போட்டுக் கிளறியவர் எடையையும் இழந்து, காயவைத்த கூலியையும் இழக்கிறார். அடுத்த முறை அவர் எதற்காகக் காயவைப்பார்?

எங்கள் பகுதியில் இது பருவத்தோடும் பின்னியது. ஆடிப் பட்டத்தில் விதைத்த மானாவாரி மணிலா பிடுங்கும்போது வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடும். களம் காய்வதில்லை. ஈரத்தோடு மூட்டை கட்டினால் பூஞ்சை பிடித்து அஃப்ளாடாக்சின் நஞ்சு உண்டாகிறது. நேரடியாக உண்ணும் கடலைக்கு ஐரோப்பிய ஒன்றியம் ஒரு கிலோவுக்கு மொத்தம் 4 மைக்ரோகிராமுக்கு மேல் அஃப்ளாடாக்சினை அனுமதிப்பதில்லை. ஒரு மூட்டை கெட்டால் கலந்த லாரிச் சரக்கு முழுவதும் சந்தேகத்துக்கு உள்ளாகும். உலர்த்தியதற்கு விலை கிடைக்கும் என்ற நம்பிக்கை வந்தால்தான் இது குறையும். உலர்களங்கள் மட்டும் கட்டினால் போதாது.

ஆகவே, ஒவ்வொரு லாட்டுக்கும் சீட்டு எழுதும் முன் அளவீடு நடக்க வேண்டும். செய்முறை எளிது. பத்து மூட்டை வரை உள்ள லாட்டில் எல்லா மூட்டையிலும், அதற்கு மேல் நூறு மூட்டை வரை பத்து மூட்டையிலும் மாதிரி எடுக்க வேண்டும். பருப்பு என்றால் குத்தூசியை மேல், நடு, அடி என மூன்று இடத்தில் செலுத்தலாம். காய் குத்தூசியில் சரியாக வராது. மூட்டையைச் சாய்த்துக் கொட்டும்போது இடையிடையே எடுப்பதே சரி. வாய்ப்பக்கம் மட்டும் அள்ளினால் நல்ல காய் மேலே இருக்கும் மூட்டை தேர்ந்துவிடும். இந்தத் தந்திரம் எங்கள் பக்கத்திலும் உண்டு, மறைக்கவில்லை. எடுத்ததைக் கலந்து பரப்பி, நான்கு கூறாக்கி, எதிரெதிர்க் கூறு இரண்டை வைத்துக்கொண்டு, மறுபடியும் அப்படியே குறைத்து அரை கிலோவுக்குக் கொண்டுவர வேண்டும்.

அதில் 200 கிராம் காயைக் கையால் உடைத்துப் பருப்பை நிறுத்தால் தேறல் தெரிந்துவிடும். 140 கிராம் வந்தால் 70 சதவீதம், 130 கிராம் வந்தால் 65 சதவீதம். இந்த ஐந்து சதவீதம் சின்ன விஷயமாகத் தோன்றலாம். 80 கிலோ காயில் முன்னதில் 56 கிலோ பருப்பு, பின்னதில் 52 கிலோ. பருப்பு கிலோ 100 ரூபாய் என்று கணக்குக்காக வைத்தால் 400 ரூபாய் வித்தியாசம். உடைத்த பருப்பில் சுருங்கல், சொத்தை, உடைசல் ஆகியவற்றைப் பிரித்து நிறுக்க இன்னும் இரண்டு நிமிடம் போதும்.

ஈரமானியைப் பற்றி ஒரு எச்சரிக்கை. காயை அப்படியே அதில் போடக்கூடாது, பருப்பை உடைத்துத்தான் அளக்க வேண்டும். வெயிலில் கிடந்த சூட்டோடு அளந்தால் தவறான எண் வரும். அரை மணி நேரம் நிழலில் வைத்து, மூன்று முறை அளந்து சராசரி எடுக்க வேண்டும். கருவி மணிலாவுக்கான அளவுக்குறியில் இருக்கிறதா என்று ஒவ்வொரு நாளும் பார்க்க வேண்டும். நெல்லுக்கு வைத்திருந்ததை மாற்ற மறந்தால் அன்றைய ஏலம் முழுவதும் பிழையாகும். வாரம் ஒருமுறை ஒரு மாதிரியை 103 டிகிரி உலர்அடுப்பில் எடை மாறாத வரை காயவைத்து, ஈரமானி காட்டியதோடு ஒப்பிட்டுப் பதிவேட்டில் எழுத வேண்டும். இல்லையென்றால் கண்மதிப்புக்குப் பதிலாகக் கருவியின் பிழையை நம்பும் நிலை வரும்.

அளந்த எண்களை விவசாயி முன்னிலையில் லாட் பலகையில் பெரிதாக எழுத வேண்டும். அந்த அரை கிலோவில் மீந்ததைத் தட்டில் வைத்துவிட்டால் வியாபாரிகள் தட்டிலிருந்தே பார்க்கலாம், மூட்டைக்குள் ஆளாளுக்குக் கைவிட வேண்டியதில்லை. பதினைந்து பேர் ஆளுக்கு 100 கிராம் எடுத்தாலே ஒன்றரை கிலோ போகிறது. மூன்று மூட்டை கொண்டுவருபவருக்கு அது உறுத்தும். ஏலம் முடிந்ததும் தட்டில் இருப்பது லாட்டிலேயே சேர வேண்டும்.

நேரம் போதாது என்ற பதிலை எதிர்பார்த்தே சொல்கிறோம். லாட்டுக்கு ஆறு நிமிடம் என்றால் நூறு லாட்டுக்குப் பத்து மணி நேர வேலை. நான்கு பேர் செய்தால் இரண்டரை மணி நேரம். அறுவடை உச்சத்தில் மட்டும் தற்காலிகப் பணியாளரும், சரக்கு வரவுக்கு ஒரு முடிவு நேரமும் வைத்தால் போதும். வேளாண்மைப் பட்டயப் படிப்பு மாணவர்களைப் பயிற்சிக்கு அனுப்பினாலும் சமாளிக்கலாம். இ-நாம் என்னும் தேசிய மின்னணு வேளாண் சந்தைத் தளத்தில் தர அளவீட்டுக்கென்றே இடம் இருக்கிறது. அந்தக் கட்டங்கள் விலை முடிந்த பிறகு நிரப்பப்பட்டால் வெளியூர் வியாபாரிக்கு ஒரு பயனும் இல்லை. பார்க்காமலே விலை கேட்க அவருக்குத் துணிவு தருவது அந்த எண்கள் மட்டும்தான். அவர் வந்தால்தான் உள்ளூரில் ஐந்தாறு சீட்டோடு முடிகிற ஏலத்துக்குப் போட்டி வரும்.

அடுத்தது ஆதரவு விலை. மத்திய அரசு 2025-26 பருவத்துக்கு அறிவித்த மணிலா ஆதரவு விலை குவிண்டாலுக்கு 7,263 ரூபாய். இது காய்க்கான விலை. எங்கள் பக்கக் கமிட்டிகளிலோ 80 கிலோ பருப்பு மூட்டைக்கு விலை சொல்வது வழக்கம். இரண்டையும் மனக்கணக்கில் ஒப்பிட்டு ஏலத்தை ஏற்பதா மறுப்பதா என்று அங்கேயே முடிவெடுப்பது கடினம். 70 சதவீதத் தேறல் என்றால் ஆதரவு விலைக்கு இணையான 80 கிலோ பருப்பின் விலை சுமார் 8,300 ரூபாய். 65 சதவீதம் என்றால் சுமார் 8,940 ரூபாய். உடைக்கும் கூலியும் தோலின் விலையும் இதில் சேராது. தேறல் வாரியாக இப்படி ஒரு அட்டவணையை ஏலக்கூடத்தின் சுவரில் எழுதிவைக்கக் கோருகிறோம். ஒரு நாள் வேலை, பெயின்ட் செலவு மட்டும்தான்.

எடையில் இரண்டு திருத்தங்கள் வேண்டும். சாக்குக்கு ஒரே கழிவு என்று வைத்து மூட்டைக்கு ஒரு கிலோ கழிக்கும் வழக்கம் சணல் சாக்குக் காலத்தது. பிளாஸ்டிக் சாக்கு பெரும்பாலும் 150 கிராமைத் தாண்டாது. மூட்டைக்கு 850 கிராம் சும்மா போகிறது. 80 கிலோவில் அது ஒரு சதவீதத்துக்கும் மேல், அதாவது வியாபாரி கட்டும் சந்தைக் கட்டணத்தைவிட அதிகம். அன்றன்று பத்து வெறும் சாக்கை ஒன்றாக நிறுத்துப் பத்தால் வகுத்து அந்த எடையை மட்டும் கழிக்க உத்தரவிட வேண்டும். அரை கிலோவுக்குக் கீழே உள்ளதைத் தள்ளி எழுதுவதும் நிற்க வேண்டும், மின்னணுத் தராசு காட்டுவதை அப்படியே எழுதலாம். தராசின் ஆண்டு முத்திரைச் சான்று கண்ணில் படும் இடத்தில் இருக்கட்டும். 20 கிலோ சரிபார்ப்புக் கல் ஒன்று பக்கத்தில் இருந்தால் சந்தேகம் வந்த யாரும் வைத்துப் பார்த்துக்கொள்வார்கள்.

பட்டுவாடா, அதாவது விற்ற சரக்குக்குப் பணம் கைக்கு வருவது, தாமதமாவதைச் சிறிய குறையாக எண்ண வேண்டாம். வெளியில் வட்டி மாதம் நூற்றுக்கு இரண்டு என்றால், ஒரு லட்சம் ரூபாய் பத்து நாள் தங்கினால் 667 ரூபாய் போகிறது. அதைவிட ஆபத்து, வியாபாரி முறிந்தால் முதலும் சேர்ந்து போவது. ஒவ்வொரு வியாபாரிக்கும் வைப்புத்தொகையும் வங்கி உத்தரவாதமும் சேர்ந்த தொகையே அவருடைய ஏல வரம்பாக இருக்கட்டும். நிலுவை அந்த வரம்பைத் தொட்டதும் அடுத்த சீட்டை ஏற்கக்கூடாது. நேர்மையான வியாபாரிக்கு இதனால் இடைஞ்சல் இல்லை. கொடுத்து முடித்த அன்றே அவருடைய வரம்பு மறுபடி திறந்துவிடும். சீட்டில் ஒரு சுழி கூடிவிட்டது என்று பின்வாங்குவதற்கும் விதி வேண்டும். விலையை எண்ணாலும் எழுத்தாலும் எழுதாத சீட்டு செல்லாது என்று வைத்தால் அந்தச் சாக்குப்போக்கே எழாது.

வரத்து குவியும் வாரங்களில் காத்திருக்க ஒரே வழி, சரக்கைக் கிடங்கில் ஈடாக வைத்து வாங்கும் பொருளீட்டுக் கடன். மதிப்பில் 75 சதவீதம் வரை, 5 சதவீத வட்டியில், 180 நாளுக்குக் கிடைக்கும் இத்திட்டம் நல்ல திட்டம். 80,000 ரூபாய் மதிப்புள்ள பத்து மூட்டைக்கு 60,000 வாங்கினால் மூன்று மாத வட்டி 750 ரூபாய். எடைக் குறைவு 2 சதவீதம் என்றால் 1,600. இரண்டும் சேர்த்து மூட்டைக்கு 235 ரூபாய், அதாவது விலை மூன்று சதவீதம் ஏறினாலே வட்டியும் எடையும் கட்டுப்படியாகும், கிடங்கு வாடகை தனி. ஆனால் இதைக் குத்தகை விவசாயி தொட முடிவதில்லை. சிட்டா நில உரிமையாளர் பெயரில் இருக்கிறது. கிராம நிர்வாக அலுவலரின் சாகுபடிச் சான்றை மட்டும் கொண்டு கடன் தர வழி செய்ய வேண்டும். சரக்குதான் கிடங்கில் பூட்டிக் கிடக்கிறதே, நிலப் பத்திரம் எதற்கு? கடன் தொகையும் சரக்கு இறக்கிய மறுநாளுக்குள் வர வேண்டும். பிடுங்கிய கூலியைக் கொடுக்கவே பலர் விற்கிறார்கள், பத்து நாள் கழித்து வரும் கடன் அவர்களுக்கு உதவாது.

கிடங்கில் பருப்பாக வைப்பதைவிட 8 சதவீத ஈரத்துக்குள் காயாக வைப்பதே நல்லது. தோல் நீங்கிய பருப்பில் சிவப்பு மாவு வண்டும் அந்துப்பூச்சியும் விரைவில் சேரும், எண்ணெயும் சிக்கு வாடை அடிக்கும். காய் இடத்தை அதிகம் அடைக்கும் என்பது உண்மைதான். அதற்காக வாடகையை மூட்டைக் கணக்கில் போடாமல் எடைக் கணக்கில் போட்டால் விவசாயி காயாகவே வைப்பார். மரச்சட்டத்தின் மேல் அடுக்கவும் சுவரிலிருந்து இரண்டடி விடவும் கிடங்குக் காப்பாளருக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்லி வைக்கிறோம்.

இரண்டு மூன்று மூட்டைக்காரர்களின் லாட்டுகளை உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் சேர்த்து விற்க அனுமதி இருக்கிறது. தேறலையும் ஈரத்தையும் அளந்து ஒத்ததை ஒத்ததோடு சேர்த்தால் மட்டுமே அது நிற்கும். அளக்காமல் சேர்த்தால் நல்ல சரக்கு வைத்திருப்பவர் முதல் பருவத்திலேயே விலகிவிடுவார். மேலே கேட்ட அளவீடு இதற்கும் அடிப்படை.

எல்லாக் கூடங்களிலும் ஒரே நாளில் தொடங்க வேண்டும் என்று கேட்கவில்லை. மணிலா வரத்து அதிகமுள்ள இரண்டு கூடங்களில் ஒரு பருவம் சோதித்துப் பார்க்கலாம். ஒவ்வொரு லாட்டின் ஈரம், தேறல், முடிந்த விலை ஆகியவற்றைப் பதிந்து, நன்கு காய்ந்த லாட்டுக்குக் கூடுதல் விலை விழுந்ததா என்று பருவ இறுதியில் கணக்கை வெளியிடக் கேட்டுக்கொள்கிறோம். விழவில்லை என்று தெரிந்தால் காரணம் ஏலத்தில் போட்டியின்மை என்றாகிவிடும், அப்போது அதற்கான கோரிக்கையோடு வருவோம். அளவீட்டின்போது உடனிருந்து காய் உடைத்துக் கொடுக்க, ஏல நாள்களில் விவசாயிகள் தரப்பில் இருவரை முறைவைத்து அனுப்பவும் சம்மதிக்கிறோம்.

இம்மனுவின் மீது எடுக்கப்படும் நடவடிக்கையை எழுத்துமூலம் தெரிவிக்குமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.

இடம்: விழுப்புரம்

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மணிலா சாகுபடி விவசாயிகள்