கொத்தனார் பூசுவதற்குள் படித்துவிடு

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. மாடி அறையை தியேட்டர் ஆக்கப்போகிறாய் என்று படித்ததும், ஹாஸ்டலில் ஒரு பதினாலு இன்ச் டிவி முன்னால் நாற்பது பேர் நெருக்கிக்கொண்டு கிரிக்கெட் பார்த்ததுதான் ஞாபகம் வந்தது. இங்கே பெரியவள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள், என் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். "ஃபைபர் கேபிள் எது வாங்க?" என்று ஒரே வரியில் கேட்டுவிட்டாய், ஆனால் அந்தப் பெயரில் இரண்டு சாமான் இருக்கிறது.

ஒன்று டாஸ்லிங்க். கீழே ஹாலில் உன் டிவிக்கும் பழைய சவுண்ட்பாருக்கும் நடுவே போவது. சிடி பிளேயருக்காக தோஷிபா 1983-ல் கொண்டுவந்தது, உள்ளே ஒரு மில்லிமீட்டர் பிளாஸ்டிக் இழை, அவ்வளவுதான். ஒரு முனையை டிவியில் செருகி மறுமுனையை உள்ளங்கையில் காட்டு, சிவப்பாக ஒரு பொட்டு விழும். மின்சாரம் போகாததால் எர்த் கோளாறில் வரும் அந்த 'ம்ம்ம்' இரைச்சல் இதன் வழியாக வராது. ஸ்டீரியோவும் சாதாரண டால்பி, டிடிஎஸ் 5.1-ம் தாராளமாகப் போகும், தலைக்கு மேலிருந்தும் சத்தம் வருகிற அட்மாஸ் போகாது. அது வேண்டுமென்றால் அட்மாஸ் ஓடுகிற, எச்டிஎம்ஐ (படத்தையும் சத்தத்தையும் ஒரே கேபிளில் கொண்டுபோவது) வழியாக டிவியிலிருந்து சத்தத்தை வாங்கிக்கொள்கிற சவுண்ட்பார்தான் வாங்கணும், செருகும் இடத்தில் ஏஆர்சி அல்லது இஏஆர்சி என்று போட்டிருக்கும். தங்க முலாம் பூசியது என்று கடைக்காரர் விலை கூட்டினால் சிரித்துவிட்டு வா, வெளிச்சத்துக்குத் தங்கமென்ன தகரமென்ன. முனையில் இருக்கும் சின்ன மூடியை மட்டும் கழற்ற மறக்காதே.

இரண்டாவதுதான் பணம் போகிற இடம். மாடியில் ப்ரொஜெக்டருக்குப் பன்னிரண்டு மீட்டர் என்கிறாய். 4கே படம் நொடிக்கு 60 ஃபிரேமில் முழுத் தரத்தோடு போக நொடிக்கு 18 ஜிகாபிட் தகவல் போகணும், அத்தனை தூரம் வெறும் செம்புக் கம்பியில் போனால் படம் விட்டுவிட்டு வரும், சில நேரம் வரவே வராது. அதற்குத்தான் ஆப்டிகல் எச்டிஎம்ஐ. இரண்டு தலையிலும் சின்ன சிப் இருக்கும், இந்தப் பக்கம் மின்சாரத்தை ஒளியாக்கும், அந்தப் பக்கம் ஒளியை மறுபடி மின்சாரமாக்கும். அதனாலேயே இது ஒருவழிப் பாதை. பிளேயர் பக்கத் தலையில் 'சோர்ஸ்', ப்ரொஜெக்டர் பக்கத் தலையில் 'டிஸ்ப்ளே' என்று போட்டிருக்கும், எறும்பு சைஸ் எழுத்தில்.

இதை நான் எப்படித் தெரிந்துகொண்டேன் தெரியுமா? எலக்ட்ரீஷியனோடு வந்த பையன் தலைமாற்றி இழுத்துவிட்டான். பெயிண்ட் அடித்து முடித்து ஆன் பண்ணினால் திரையில் ஒன்றுமில்லை. பிளேயரைச் சந்தேகப்பட்டேன், ப்ரொஜெக்டரைச் சந்தேகப்பட்டேன், மூன்றாம் நாள் ஏணி மேல் டார்ச் அடித்துப் பார்த்தால் சீலிங்கில் 'சோர்ஸ்' என்று இருக்கிறது! பைப்புக்குள் விட்டிருந்ததால் உருவித் திருப்பிப் போட முடிந்தது, இல்லையென்றால் சுவரை உடைத்திருக்கணும்.

அதனால் நீ முதலில் கேபிளைத் தரையில் விரித்து ஒரு முழுப்படம் ஓட்டிப் பார். காடி வெட்டி, அந்தத் தலை நுழையும் அளவுக்குப் பெரிய பைப்பாகப் போடு, மூலையில் வெடுக்கென்று திரும்பும் எல்போ வேண்டாம், மெதுவாக வளையும் லாங் பெண்டு போடச் சொல். உள்ளே ஒரு கட்டுக்கம்பியும் கிடக்கட்டும், நாளைக்கு வேறு கேபிள் இழுக்க உதவும். தலையில் கயிறு கட்டி முரட்டுத்தனமாக இழுக்கக் கூடாது, உள்ளே கண்ணாடி இழை.

மூலை திரும்புவதையும் சேர்த்து டேப் பிடித்து அளந்து எழுது. அதுவரை கொத்தனாரை அந்தச் சுவர் பக்கம் விடாதே.

உன் பழைய ரூம்மேட்