சிறு திருத்தங்களுக்கும் முழுச் சோதனை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிட்காயினின் விலை ஏறினாலும் இறங்கினாலும் வணிகப் பக்கங்களில் அது செய்தியாகிவிடுகிறது. ஆனால் அந்த நாணயத்தின் கணக்கைக் காக்கும் 'பிட்காயின் கோர்' மென்பொருளில் நடக்கும் பராமரிப்பு வேலைகள் பற்றி வாசகர்களுக்கு ஏறக்குறைய எதுவும் சொல்லப்படுவதில்லை. நோட் எனப்படும் கணினிகளில் பெரும்பாலானவை இந்த மென்பொருளைக் கொண்டே ஒவ்வொரு பரிவர்த்தனையையும் தாமே சரிபார்க்கின்றன. ஆகவே அதில் ஒரு வரி நீக்கப்படுவதும் பொதுமக்களைத் தொடும் செய்தியே.

2017ஆம் ஆண்டு வெளியான 0.14 பதிப்பில், பரிவர்த்தனைகளின் தொகுப்பான புதிய தொகுதிகளை (பிளாக்) விரைவாகச் சரிபார்ப்பதற்காக ஒரு சோதனை தவிர்க்கப்பட்டது. ஒரே பரிவர்த்தனைக்குள் ஒரே நாணயம் இருமுறை செலவிடப்படுகிறதா என்று பார்க்கும் சோதனை அது. பின்னால் வரும் வேறொரு கட்டத்தில் இது எப்படியும் பிடிபட்டுவிடும் என்று நம்பியே அதைத் தவிர்த்தார்கள். 0.14இல் அத்தகைய பரிவர்த்தனை வந்தால் நோட் செயலிழந்து நின்றுவிடும். அடுத்த பதிப்பான 0.15இல் செலவிடப்படாத நாணயங்களைச் சேமிக்கும் முறை மாற்றப்பட்டபோது நிலைமை இன்னும் மோசமாகி, இல்லாத நாணயங்களை உருவாக்கவே வழி திறந்தது. 2018 செப்டம்பரில் பிட்காயினிலிருந்து பிரிந்த தனி நாணயமான பிட்காயின் கேஷைச் சார்ந்த ஒருவர் இதைக் கண்டறிந்து தெரிவித்ததும், மறுநாளே 0.16.3 வெளியிடப்பட்டது. திருத்தம் மிகச் சிறியது: நீக்கிய சோதனை திரும்பச் சேர்க்கப்பட்டது, அவ்வளவுதான். பிட்காயினின் முதன்மை வலையமைப்பில் அதற்குள் யாரும் அந்த வழியைப் பயன்படுத்தியிருக்கவில்லை என்பது பெரும் ஆறுதல்.

2013 மார்ச்சில் நடந்ததும் இதே வகையானதுதான். 0.8 பதிப்பு பெர்க்லி டிபி என்ற தரவுத்தள மென்பொருளைக் கைவிட்டு லெவல்டிபி என்ற வேறொன்றுக்கு மாறியது. பழைய தரவுத்தளம் ஒரே நேரத்தில் எத்தனை தரவுப் பகுதிகளைப் பூட்டிக் கையாளலாம் என்ற வரம்பு, எங்கும் எழுதப்படாத விதியாக இயங்கிவந்தது அதன் பிறகே தெரிந்தது. புதிய பதிப்பு ஏற்ற தொகுதியைப் பழைய பதிப்புகள் பல மறுத்ததால், தொகுதிகளைக் கோத்த கணக்குச் சங்கிலி சில மணி நேரம் இரண்டாகப் பிரிந்தது.

இவற்றைக் காட்டி, பழைய நிரலைத் தொடவே கூடாது என்று வாதிடுவது தவறு. பரிவர்த்தனைகளின் மின்கையொப்பச் சரிபார்ப்பு, ஓபன்எஸ்எஸ்எல் என்ற பொதுவான குறியாக்க மென்பொருளிலிருந்து 2016இல் இத்திட்டத்துக்கென எழுதப்பட்ட தனி நிரல் நூலகத்துக்கு மாற்றப்பட்டதால் வேகம் பல மடங்கு கூடியது. அந்த நூலகத்தைச் சோதித்துக்கொண்டிருந்தபோது ஓபன்எஸ்எஸ்எல்லிலேயே இருந்த ஒரு பிழையும் வெளிப்பட்டது. 2020இல் வந்த 0.20 பதிப்பு ஓபன்எஸ்எஸ்எல்லை முற்றிலுமாக விலக்கியது. பல ஆண்டுகள் பொறுமையாகச் செய்த தூய்மைப் பணி அது, பாராட்டத்தக்கது.

நிரலை இடம் மாற்றும் திருத்தத்தில் அதன் நடத்தையை மாற்றக் கூடாது என்ற ஒழுங்கை இத்திட்டத்தினர் வலியுறுத்துவது சரியே. ஆனால் நடத்தை மாறவில்லை என்பதை உறுதிசெய்ய, ஒவ்வொரு வரியையும் ஊன்றிப் படிக்கும் ஆட்கள் வேண்டும். புதிய வசதியை எழுதுபவருக்குக் கிடைக்கும் கவனம் பிறர் எழுதியதைச் சரிபார்ப்பவருக்குக் கிடைப்பதில்லை. இந்த மென்பொருளை நம்பி லாபம் ஈட்டும் நாணயப் பரிமாற்ற நிறுவனங்கள், சரிபார்ப்புப் பணிக்கென்றே பொறியாளர்களைச் சம்பளம் கொடுத்து அமர்த்த வேண்டும். தங்கள் நாளிதழும் விலை நிலவரத்தோடு, புதிய பதிப்புகளில் என்ன நீக்கப்பட்டது, ஏன் நீக்கப்பட்டது என்பதையும் வெளியிட வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மென்பொருள் துறை வாசகர் ஒருவர்