மணப்பாறை டீக்கடை அண்ணனுக்கு நன்றி

போன மாதம் மணப்பாறை டீக்கடை வாசலில் என் 2009 மாடல் காரின் பானெட்டைத் திறந்துவைத்து முழித்துக்கொண்டு நின்றேன். “என்ன தம்பி, மஞ்ச லைட்டா?” என்று வந்தீர்களே அண்ணே, உங்களுக்குத்தான் இந்தப் பதிவு. பெயர் கேட்கக்கூடத் தோன்றவில்லை.

என்ஜினில் கோளாறு என்று காட்டும் அந்த மஞ்சள் செக் என்ஜின் லைட் மூன்று மாதமாக என்னைப் படுத்தி எடுத்தது. கோளாறைப் படிக்கும் ஸ்கேனரில் பி0171 என்ற கோட் எண் வரும். அதாவது பெட்ரோலுக்கு மிஞ்சிய காற்று. ஒர்க்‌ஷாப்பில் புகையில் மிஞ்சும் ஆக்சிஜனைப் பார்க்கும் ஆக்சிஜன் சென்சாரை மாற்றி, அந்தக் கோட் எண்ணை அழித்துக் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் மறுபடி எரிந்தது.

நீங்கள் ஸ்கேனரையே கேட்கவில்லை. ஒரு முழ ரப்பர் டியூபின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை ஓடும் என்ஜின் மேல் மெல்ல நகர்த்தினீர்கள். என்ஜினுக்குள் சேரும் வாயுவை மறுபடி காற்றுப் பாதைக்கே அனுப்பும் பிசிவி ஹோஸ் வளையும் இடத்தில் நிறுத்தி, “கேளுங்க” என்று டியூபை நீட்டினீர்கள். உஸ்ஸ்... அடிப்பக்கம் நகக்கீறல் அளவு வெடிப்பு! உள்ளே போகும் காற்றை அளக்கும் ஏர் ஃப்ளோ சென்சாரின் கணக்கில் வராத காற்று அது வழியாகப் புகுந்திருக்கிறது. பாவம், பழைய ஆக்சிஜன் சென்சார் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது.

புது ஹோஸ் 220 ரூபாய். லைட் இதுவரை வரவில்லை. டீக்காசையும் நீங்களே கொடுத்துவிட்டீர்கள். அடுத்த தடவை முறுக்கு என் கணக்கு, அண்ணே.