கோத்தகிரியில் மீன் குழம்பு: கடற்கரை ஊரிலிருந்து வந்த தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

வணக்கம். தூத்துக்குடியில் அம்மா சொல்லிக்கொடுத்த அளவிலேயே எல்லாவற்றையும் போட்டும், கோத்தகிரியில் வைக்கிற மீன் குழம்பு பச்சை வாசனை அடிக்கிறது, புளி தனியாக நிற்கிறது, மீன் மட்டும் குழைந்துவிடுகிறது என்று சொன்னீர்கள். இந்த ஊரில் வேலை பார்க்கும்வரை வீட்டில் மீனே வேண்டாம் என்று முடிவெடுத்துவிட்டதாகவும் சொன்னீர்கள். அந்த முடிவை மாற்றிக்கொள்ளச் சொல்லத்தான் இந்தக் கடிதம். கடலோர ஊர்களிலிருந்து நீலகிரிக்கு மாற்றலாகி வருகிற பலருக்கும் இதே குறை இருப்பதால், அவர்களும் படிக்கட்டும் என்று பொதுவில் எழுதுகிறேன்.

உங்கள் கைப்பக்குவத்தில் குறை இல்லை. அம்மாவின் அளவிலும் பிழை இல்லை. தூத்துக்குடியில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கிறது. ஏறக்குறைய 300 மீட்டர் உயரத்துக்கு ஒரு டிகிரி வீதம் அந்தக் கொதிநிலை இறங்கிக்கொண்டே போகும். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கும் கோத்தகிரியில் அது 94 டிகிரிக்கு அருகிலும், 2,240 மீட்டரில் இருக்கும் ஊட்டியில் 93 டிகிரிக்குச் சற்றுக் கீழேயும் வந்துவிடுகிறது. அடுப்பை எவ்வளவு தூண்டிவிட்டாலும் குழம்பு அதற்கு மேல் சூடேறாது. தளதளவென்று கொதிப்பதாகக் கண்ணுக்குத் தெரியும், நீர் வற்றும், அவ்வளவுதான். சோற்றையும் பருப்பையும் குக்கரில் வைத்துவிடுவதால் அவற்றில் இந்த வேறுபாடு நமக்குத் தெரிவதில்லை. மீன் குழம்பைக் குக்கரில் வைக்க முடியாது என்பதால் குறை அங்கே வந்து வெளிப்படுகிறது.

மீனுக்கோ அந்த 94 டிகிரியே மிக அதிகம். மீனின் சதை 50, 60 டிகிரியிலேயே வெள்ளையாக இறுகி வெந்துவிடும். தசை இதழ்களை ஒட்டிவைத்திருக்கும் மெல்லிய சவ்வும் அந்தச் சூட்டிலேயே கரைந்துவிடும். ஆகவே மலையில் வெங்காயத்துக்கும் புளிக்கும் மல்லித்தூளுக்கும்தான் கூடுதல் நேரம் தேவையே தவிர, மீனுக்குத் தேவையில்லை. நீங்கள் மசாலா வேகவில்லை என்று எண்ணிக் குழம்பை இன்னும் கொஞ்ச நேரம் கொதிக்க விட்டிருப்பீர்கள். அந்தக் கொஞ்ச நேரத்தில் உள்ளே கிடந்த மீன் குழைந்திருக்கும். இங்கே குழம்பை முழுவதுமாக முடித்துவிட்டு, இனி இதில் செய்ய ஒன்றுமில்லை என்ற நிலைக்குக் கொண்டுவந்த பிறகே மீனைப் போட வேண்டும்.

முடிப்பது எப்படி என்பதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். தண்ணீருக்குத்தான் உயரம் தடை. எண்ணெய்க்கு அந்தத் தடை இல்லை. நல்லெண்ணெய் தூத்துக்குடியில் எவ்வளவு சூடேறுமோ அவ்வளவு கோத்தகிரியிலும் ஏறும். எனவே ஊரில் கொதியிடம் விட்ட வேலையை இங்கே தாளிப்பிடம் கொடுத்துவிடுங்கள். வழக்கத்தைவிட ஒரு கரண்டி எண்ணெய் கூடுதலாக விட்டு, வெந்தயமும் கறிவேப்பிலையும் தாளித்து, சின்ன வெங்காயத்தைப் பொன்னிறம் தாண்டிச் சிவக்கும்வரை வதக்குங்கள். தக்காளியைப் போட்டு அதன் தண்ணீர் முழுவதும் வற்றி விழுதாகும்வரை விடுங்கள். அதன் பின் மிளகாய்த்தூளையும் மல்லித்தூளையும் நேராக அந்த எண்ணெயில் போட்டுச் சிறுதீயில் புரட்டுங்கள். கரைத்த புளியில் தூளைக் கலந்து ஊற்றும் பழக்கத்தை இந்த ஊரில் விட்டுவிடுங்கள். விழுதில் ஈரம் இருக்கும்வரை சட்டிக்குள் தண்ணீரின் சூடுதான் ஆட்சி செய்யும். ஈரம் போனதும் சலசலப்பு அடங்கி, விழுது சட்டியின் அடியை விட்டு உருண்டு வரும், ஓரத்தில் சிவப்பாக எண்ணெய் கசியும். அந்தக் கட்டத்தில் முகர்ந்து பாருங்கள். பச்சை வாசனை போயிருந்தால் மட்டும் புளித்தண்ணீரை ஊற்றுங்கள்.

புளிக்கும் இங்கே பொறுமை வேண்டும். ஊரில் பத்து நிமிடம் கொதித்து அடங்குகிற புளி இங்கே இருபது நிமிடம்கூட எடுத்துக்கொள்ளும். முதலில் நீர்க்கக் கரைத்து ஊற்றி, பாதியளவுக்கு வற்றவிட்டு, வேண்டிய பதத்துக்கு வந்த பின், தேங்காய் அரைத்துவிடுவதானால் அதையும் சேர்த்து ஒரு கொதி வந்ததும் ருசி பாருங்கள். மீன் இல்லாமலேயே சோற்றில் ஊற்றிச் சாப்பிடும்படி இருக்க வேண்டும். இப்போது தீயைக் குறைத்து, மஞ்சளும் உப்பும் தடவி வைத்த மீன் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் அடுக்கி, ஏழெட்டு நிமிடம் மட்டும் விடுங்கள். கரண்டி போடாமல், சட்டியின் விளிம்பைத் துணியால் பிடித்து ஒருமுறை சுழற்றினால் போதும். குளிர்பெட்டியில் இருந்த மீனை அப்படியே போட்டால் குழம்பின் சூடு சட்டென்று இறங்கி, மேலே வெந்து நடுவில் வேகாமல் நிற்கும். அரைமணி நேரம் முன்பே வெளியே எடுத்து வைத்துவிடுங்கள். மண்சட்டியானால் அடுப்பை அணைத்த பிறகும் தன் சூட்டில் வேகவைத்துக்கொண்டே இருக்கும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இந்த முறையை எனக்குக் காட்டியவர் என் மாமியார். இலங்கையின் பதுளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். 1964 ஆம் ஆண்டின் சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கை மலையகத்திலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்களுக்கு வேலை கொடுப்பதற்காக 1968 இல் அரசு தேயிலைத் தோட்டத் திட்டத்தைத் தொடங்கியது. நாம் இன்று டான்டீ என்று சொல்லும் அரசுத் தேயிலைக் கழகம் அதன் வளர்ச்சிதான். கோத்தகிரி, குன்னூர், கூடலூர்ப் பக்கங்களில் குடியேறிய அந்தக் குடும்பங்கள் தங்கள் அடுப்பையும் கூடவே கொண்டுவந்தன. அவர்கள் வீடுகளில் கறித்தூள் என்றால் வறுத்த தூள். மல்லி, சீரகம், சோம்பு, மிளகு, வெந்தயம், காய்ந்த மிளகாய், ஒரு பிடி அரிசி, கறிவேப்பிலை, கிடைத்தால் மணத்துக்காகப் போடும் ரம்பை இலை, எல்லாவற்றையும் வெறும் சட்டியில் காப்பிக்கொட்டை நிறம் வரும்வரை தனித்தனியாக வறுத்து இடிப்பார்கள். பச்சை வாசனை வறுக்கும்போதே போய்விடுவதால், இந்தத் தூள் குழம்பில் வேக வேண்டிய அவசியமே இல்லை. உயரத்தில் மீன் சமைப்பவருக்கு இதைவிடப் பொருத்தமான பொடி எனக்குத் தெரியாது. ஒரு மாதத்துக்கு ஆகுமளவு மட்டும் இடித்து, காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள்.

அவர்கள் புளிக்கும் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். நம் குடம்புளியை இலங்கையில் கொறுக்காய்ப்புளி என்பார்கள். கேரளத்து வீடுகளில் புகைபோட்டுக் கருப்பாகக் காயவைத்த சுளைகளாகக் கிடைக்கும். நான்கைந்து சுளைகளை வெந்நீரில் ஊறவைத்து, கழுவி, அந்தச் சுளைகளையும் ஊறிய நீரையும் சேர்த்துவிட்டால், சாதாரணப் புளியைப் போல நெடுநேரம் கொதிக்கத் தேவையில்லை. மீன் வேகும் நேரத்துக்குள்ளேயே புளிப்பு இறங்கிவிடும். இதை வைத்து இலங்கையின் தென்கரையில் அம்புல் தியல் செய்வார்கள். சூரை மீனைச் சதுரத் துண்டுகளாக்கி, அரைத்த கொறுக்காய்ப்புளி, நிறைய மிளகு, உப்பு தடவி, வாழையிலை விரித்த மண்சட்டியில் ஒரே வரிசையாக அடுக்கி, கொஞ்சமே தண்ணீர் விட்டு, அது முழுவதும் வற்றி ஒவ்வொரு துண்டின் மேலும் கருப்பாகப் பூச்சுப் பிடிக்கும்வரை சிறுதீயில் வைப்பது. குளிர்பெட்டி இல்லாத காலத்தில் நாட்கணக்கில் கெடாமல் இருக்கக் கண்டுபிடித்த பக்குவம் அது. நீங்கள் தனியாக இருப்பதால் ஞாயிற்றுக்கிழமை செய்து வைத்துக்கொண்டு வார நாட்களில் சோற்றோடு சாப்பிடலாம். இந்தக் காலத்தில் குளிர்பெட்டியில் வைத்தே சாப்பிடுங்கள்.

மீன் வாங்குவதைப் பற்றி உறுதியாக ஒன்று சொல்ல வேண்டும். "குளிர் ஊர்தானே, மீன் கெடாது" என்று இங்கே பலரும் சொல்வார்கள், நம்பாதீர்கள். கோத்தகிரியின் பகல் பொழுது நமக்குக் குளிரே தவிர, மீனுக்குக் குளிர் அல்ல. மீன் பனிக்கட்டிக்குள், ஏறக்குறைய பூச்சியம் டிகிரியில் இருக்க வேண்டும். அயிலை, மத்தி, சூரை ஆகிய மூன்றும் பனிக்கட்டியின் குளிர் விலகிச் சூடுபட்டால், அவற்றின் சதையில் இயல்பாகவே உள்ள ஹிஸ்டிடின் என்ற பொருளை நுண்ணுயிர்கள் ஹிஸ்டமினாக மாற்றிவிடும். ஒருமுறை உண்டாகிவிட்டால் எவ்வளவு கொதிக்க வைத்தாலும் பொரித்தாலும் அது அழியாது. சாப்பிட்ட சிறிது நேரத்தில் நாக்கில் குறுகுறுப்பு, முகம் சிவத்தல், உடலில் தடிப்பு, தலைவலி என்று வரும். மீன் பார்க்க நன்றாக இருந்தாலும் வரலாம் என்பதுதான் அதன் ஆபத்து. ஆகவே வண்டிக்காரரிடம் மீனைப் பார்ப்பதற்கு முன் பெட்டியைப் பாருங்கள். மீனும் பனிக்கட்டியும் சரிபாதியாகக் கலந்து, மீன் அதற்குள் புதைந்திருக்க வேண்டும். மேலே மட்டும் ஒரு கைப்பிடி தூவியிருந்தால் இந்த மூன்று மீனையும் தொடாதீர்கள். அதன் பின் கண் பிதுங்கித் தெளிவாக இருக்கிறதா, செவுளைத் தூக்கினால் இரத்தச் சிவப்பாக இருக்கிறதா, விரலால் அழுத்திய குழி உடனே மேலெழுகிறதா என்று பார்ப்பதெல்லாம் உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

வஞ்சிரமும் பாறையும் கோயம்புத்தூர் உக்கடம் மீன் சந்தைக்கு வந்து, மேட்டுப்பாளையம் வழியாக மலையேறுகின்றன. நம் கைக்கு வரும்போது கடலை விட்டு எத்தனை பொழுது ஆனது என்று சொல்ல முடியாது. மலையடிவாரத்திலேயே இருக்கும் பவானிசாகர் அணையிலிருந்து கட்லா, ரோகு, மிர்கால், ஜிலேபி ஆகிய மீன்கள் கிடைக்கின்றன. பவானிசாகர் மீன் என்று உறுதியாகத் தெரிந்தால், பழைய வஞ்சிரத்தைவிட அதையே வாங்குங்கள் என்பேன். கடற்கரையில் பிறந்தவர்களுக்கு அணை மீன் இளப்பமாகத் தோன்றும் என்பது தெரியும். மண்வாடை என்று நீங்கள் முகம் சுளிப்பது ஜியோஸ்மின் என்ற பொருளால் வருகிறது. நீர்ப்பாசியும் மண்ணில் உள்ள சில நுண்ணுயிர்களும் உண்டாக்குவது அது. புளிப்புப் பட்டால் அந்த வாடை அடங்கும். கல்லுப்பும் மஞ்சளும் போட்டுத் தேய்த்துக் கழுவி, புளித்தண்ணீரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ கால் மணி நேரம் வைத்துவிட்டுச் சமையுங்கள்.

ஆனால் அணை மீனைத் தூத்துக்குடிக் குழம்பில் போடாதீர்கள். குடம்புளியும் வறுத்த தூளும் போட்ட குழம்போ, வங்காளத்தார் முறையோதான் அதற்குச் சரி. ஆற்று மீனையும் குளத்து மீனையும் வங்காளத்தார் அளவுக்குப் புரிந்துகொண்டவர்கள் இல்லை. கடுகு எண்ணெயைப் புகை வரும்வரை காயவைத்து, மஞ்சளும் உப்பும் தடவிய ரோகுத் துண்டுகளை இருபுறமும் மேல்தோல் இறுகும்வரை பொரித்து எடுத்துவிடுவார்கள். அதே எண்ணெயில் நீளவாக்கில் வெட்டிய உருளைக்கிழங்கைச் சிவக்க வைத்து, சீரகமும் இஞ்சியும் அரைத்த விழுதைப் புரட்டி, வெந்நீர் ஊற்றி, கிழங்கு வெந்த பின் மீனைத் திரும்ப உள்ளே விடுவார்கள். அதுதான் மாச்சேர் ஜோல், ரசத்தைவிடச் சற்றுக் கெட்டியான சாறு. முதலில் பொரித்துவிடுவதால் மீன் உடையாது, வாடையும் இராது. நீலகிரி உருளைக்கிழங்கு கைக்கெட்டும் தூரத்தில் விளையும்போது இதைச் செய்யாமல் இருப்பது வீண். கிழங்கு வேக இங்கே கூடுதல் நேரம் ஆகும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

மீன் தலை கிடைத்தால் சொதி வையுங்கள். இரண்டாம் தேங்காய்ப்பாலில் வெங்காயம், பச்சை மிளகாய், மஞ்சள், தலையும் வால் துண்டும் வேகவிட்டு, முதல் பாலை ஊற்றிய பின் கொதிக்க விடாமல் ஆற்றிக்கொண்டே இருந்து, இறக்கிய பிறகு எலுமிச்சை பிழிய வேண்டும். கொதித்தாலும் திரியும், அடுப்பிலேயே எலுமிச்சை விட்டாலும் திரியும். இடியாப்பத்தோடு சாப்பிட்டால் இந்த ஊர்ப் பனிக்கு இதமாக இருக்கும்.

ட்ரவுட் மீனைப் பற்றிக் கேட்டீர்கள். ஆங்கிலேயர்கள் தூண்டில் விளையாட்டுக்காகக் கொண்டுவந்தது. ஊட்டிப் பக்கம் அவலாஞ்சியில் அதற்கான குஞ்சு பொரிப்பகம் 1907 இல் அமைந்தது. நம் வாராந்தரச் சமையலுக்குக் கிடைக்கும் மீன் அல்ல, ஆகவே அதை விட்டுவிடுவோம்.

கருவாட்டை ஐப்பசி, கார்த்திகை மழைக்கு முன்பே வெயிலில் காயவைத்து, கண்ணாடிச் சீசாவில் இறுக மூடிவிடுங்கள். கோத்தகிரிக்கு வடகிழக்குப் பருவமழையில்தான் ஈரம் அதிகம், திறந்து வைத்தால் பூசணம் பிடித்துவிடும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை வண்டி வரும்போது கட்லா இருந்தால், நடுவயிற்றுத் துண்டாகக் கேட்டு வாங்குங்கள். முள் பெரிது, எடுக்க எளிது. குடம்புளியும் வறுத்த தூளும் எங்கள் வீட்டில் இருக்கின்றன. காலை பத்து மணிக்குள் வந்தால் முதல் சட்டியை இங்கேயே வைத்துப் பார்த்துவிடலாம். அம்மா கொடுத்துவிட்ட மண்சட்டியை எடுத்து வாருங்கள்.

அன்புடன்,
பக்கத்து வீட்டு அக்கா,
கோத்தகிரி