ஒழுகுற கண்டெய்னரை எந்த போர்ட் எடுத்துக்கும்?

ஆசிரியர் சாருக்கு வணக்கம்,

கடல் பாதுகாப்புல பக்கத்து நாடுங்க கை கோக்கணும்னு உங்க பேப்பர்ல வந்த தலையங்கம் படிச்சேன். நல்லாதான் இருந்துச்சு, ஆனா முழுக்க கொள்ளையன், ரோந்து, போர்க்கப்பல் கூட்டுப் பயிற்சி இதுலயே முடிஞ்சு போச்சு. இருபது வருஷத்துக்கு மேல சரக்குக் கப்பல்ல டெக்ல நின்னவன் நான், அதனால ஒண்ணு சொல்லிக்கிறேன், கப்பல்ல இருக்கிறவனுக்கு கொள்ளையன் பயம் சில இடத்துலதான், தீ பயம் ஏறுன நாள்ல இருந்து எறங்குற வரைக்கும்.

கொள்ளை விஷயத்துல ஒத்துழைப்பு நல்லாவே வேலை செஞ்சிருக்கு, இல்லைங்கல. இந்தோனேசியாவுக்கும் மலேசியாவுக்கும் நடுவுல இருக்கிற மலாக்கா ஜலசந்தியில கொள்ளையன் ராத்திரி போட்ல வந்து ஏறுவான், கெடச்சதை சுருட்டிக்கிட்டு அடுத்த நாட்டுக் கடலுக்குள்ள புகுந்துடுவான், துரத்திட்டு வர்ற ரோந்துப் படகு எல்லையில நின்னு பாத்துட்டு திரும்பணும், கடல் சட்டம் அப்படி. 2004ல இந்தோனேசியா, மலேசியா, சிங்கப்பூர் மூணும் சேந்து ரோந்து ஆரம்பிச்சாங்க, 2008ல தாய்லாந்தும் வந்துச்சு. நடுவுல 2005ல லண்டன் இன்சூரன்ஸ்காரங்க மலாக்காவை போர் அபாயப் பகுதி லிஸ்ட்லயே சேத்துட்டாங்க, அடுத்த வருஷமே எடுத்தும் விட்டாங்க. என்னைக் கேட்டா ரோந்து பாதி, அந்த லிஸ்ட் பாதி, இன்சூரன்ஸ் கட்டணம் ஏறி காசு கையைக் கடிச்சதும் எல்லாரும் ஒரு டேபிள்ல உக்காந்தாங்க.

ஆனா தீயை மூட்டி விடுற, ஆசிட் கெமிக்கல் ஒழுகுற கண்டெய்னர் பெட்டிக்கு மட்டும் அந்த டேபிள் இன்னும் போடல.

எங்க கப்பல்லயே ஒரு தடவை நடந்துச்சு. விடியக்காலை ரவுண்ட்ஸ் போறப்போ ஒரு கண்டெய்னரோட கதவு இடுக்குல இருந்து மஞ்சளா ஏதோ வடிஞ்சுக்கிட்டு இருந்துச்சு, அது பட்ட இடத்துல டெக் பெயின்ட் அப்பளம் மாதிரி கொப்புளிச்சு நின்னுச்சு, மூக்குல ஏறுன நெடி ரெண்டு நாளைக்கு போகல. பக்கத்துப் பெட்டி சூடேறுதான்னு பாக்க தொடக்கூடாது, புறங்கையை கிட்ட கொண்டு போய் பாக்கணும், அப்படி பாத்துப் பாத்து ஹோஸ் போட்டு தண்ணி அடிச்சுக்கிட்டே இருந்தோம். கேப்டன் கிட்டக்க இருந்த போர்ட்டுக்கு மெயில் போட்டா "எங்ககிட்ட ஸ்பெஷலிஸ்ட் இல்ல, வெளியவே ஆங்கர் போடு"ன்னு பதில். மூணு நாள். கரை லைட்டெல்லாம் கண்ணுக்குத் தெரியுது, உள்ள விட மாட்டேங்கிறான். எங்க நல்ல நேரம், தீ புடிக்கல.

எக்ஸ்-பிரஸ் பேர்ல்ங்கிற கண்டெய்னர் கப்பலுக்கு அந்த நல்ல நேரம் இல்ல. 2021 மே மாசம், கண்டெய்னர்ல நைட்ரிக் ஆசிட் ஒழுகுதுன்னு தெரிஞ்சு கத்தார்ல ஹமத் போர்ட்லயும் குஜராத்ல ஹசீராவுலயும் எறக்கக் கேட்டிருக்காங்க, ரெண்டு எடத்துலயும் வசதி இல்ல, ஆள் இல்லன்னு சொல்லிட்டாங்க. கப்பல் அந்த ஆசிட்டோடயே கொழும்புக்கு வந்துச்சு, மே 20ல வெளிய ஆங்கர்ல நிக்கும்போது தீ, ஜூன்ல முழுகிடுச்சு. மொத்தம் 1,486 கண்டெய்னர், அதுல ஆயிரத்து அறுநூறு டன்னுக்கு மேல பிளாஸ்டிக் சாமான் செய்யிற குருணை, அது இலங்கை மேற்குக் கரையில முட்டியளவு குவிஞ்சு கெடந்துச்சு, அந்தப் பக்கம் மீன் பிடிக்கவும் தடை. 2025 ஜூலையில இலங்கை சுப்ரீம் கோர்ட் கப்பல் கம்பெனிக்காரங்களை 100 கோடி டாலர் நஷ்டஈடு கட்டச் சொல்லிச்சு. ஒரே ஒரு பெட்டியை முன்னாடியே எறக்கி வெச்சிருந்தா?

தீ புடிச்சதுக்கு அப்புறம் நம்ம ஆளுங்க ஓடி வரலன்னு சொல்லல. 2020 செப்டம்பர்ல நியூ டயமண்ட் டேங்கர் இலங்கைக்குக் கிழக்கால எரிஞ்சப்போ உள்ள சுமார் 2.7 லட்சம் டன் கச்சா எண்ணெய், ஒரு மாலுமி செத்துப்போனார், ஆனா இந்தியாவும் இலங்கையும் சேந்து நின்னு அணைச்சாங்க, சரக்கு எண்ணெய் கடல்ல கொட்டல. பேர்ல் எரிஞ்சப்பவும் இந்திய கோஸ்ட் கார்டு போச்சு. எரியுற கப்பலுக்கு எல்லாரும் வர்றாங்க, புகையுற கப்பலுக்குத்தான் கேட்டை சாத்துறாங்க. அப்புறம் 2025 ஜூன்ல கேரளாவுக்கு வெளிய எரிஞ்ச வான் ஹை 503ங்கிற கண்டெய்னர் கப்பல்ல நாலு பேரை காணோம், கப்பல் இழுவைக் கப்பல்ல கட்டுன கயித்தோட வாரக்கணக்குல எந்த போர்ட்டுக்குப் போறதுன்னு தெரியாம கடல்லயே கெடந்துச்சு.

போர்ட்டுக்காரனை மட்டும் திட்டி பிரயோஜனம் இல்ல. ஹார்பர் மாஸ்டர் இடத்துல நான் இருந்தாலும் யோசிப்பேன், உள்ள வந்து வெடிச்சா என் பெர்த், என் ஜனங்க, என் தலை. ஐரோப்பாவுலயும் இதே கதைதான், 2002ல பிரெஸ்டீஜ் டேங்கர் ஒடம்பு பிளந்து நிக்கும்போது ஸ்பெயின் நடுக்கடலுக்கு வெரட்டி விட்டுச்சு, ஆறாவது நாள் ரெண்டா ஒடைஞ்சு முழுகி கரை பூரா எண்ணெய். அதுக்கப்புறம்தான் சர்வதேச கடல்சார் அமைப்பு 2003ல ஆபத்துல இருக்கிற கப்பலுக்கு அடைக்கல இடம் கொடுக்கிறது பத்தி வழிகாட்டி போட்டுச்சு, 2023ல புதுப்பிச்சும் இருக்கு. ஆனா அது வழிகாட்டிதான், யாரையும் கட்டாயப்படுத்தாது.

நம்ம பக்கம் செய்ய முடியாததா? கொழும்பு பாதுகாப்பு மாநாடுன்னு ஒண்ணு இருக்கு, இந்தியா, இலங்கை, மாலத்தீவு, மொரீஷியஸ், பங்களாதேஷ் எல்லாம் உள்ள இருக்கு, 2024 ஆகஸ்ட்ல சாசனமும் கையெழுத்தாச்சு, அவங்க வேலைத்திட்டத்துல முதல் தலைப்பே கடல் பாதுகாப்புதான். ஆசிட் ஒழுகுனா எந்த போர்ட், எண்ணெய் ஒழுகுனா எந்த குடா, இழுவைக் கப்பல் யாருது, முன்பணமா இன்சூரன்ஸ் கேரண்டி எவ்வளவு, ராத்திரி ரெண்டு மணிக்கு கேப்டன் போன் பண்ணா "வா"ன்னு சொல்ற அதிகாரம் யாருக்கு, இதை எல்லாம் கப்பல் வர்றதுக்கு முன்னாடியே எழுதி வைக்கலாமே. கூட்டுப் பயிற்சியில ஒரு தடவையாவது துப்பாக்கியை ஓரமா வெச்சுட்டு, ஒழுகுற கண்டெய்னர் ஒண்ணை எறக்கிப் பழகலாம்.

அந்த மாநாட்டோட அடுத்த கூட்டம் நடக்கும்போது உங்க நிருபர் போனா இந்த ஒரு கேள்வியை மட்டும் கேக்கச் சொல்லுங்க சார்: பேர்ல் மாதிரி இன்னொரு கப்பல் இன்னைக்கு ராத்திரி மெயில் போட்டா, எந்த போர்ட் பேரை பதில்ல எழுதுவீங்க?

இப்படிக்கு,
ரிட்டயர்டு ஆன ஒரு கப்பல்காரன்