பழைய கட்டடத்தையும் பதிவேடுகளையும் காத்துக் கொடுத்தவர்களுக்கு நன்றி

பேரன்புடையீர், வணக்கம்.

எங்கள் அரசு மேல்நிலைப் பள்ளியின் பழைய கட்டடம் கோடை விடுமுறையில் பழுது பார்த்து முடிந்தது. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் அதே அறைகளில் உட்கார்ந்துவிட்டார்கள். கை கொடுத்த அனைவருக்கும் முன்னாள் மாணவர்கள் சார்பில் நெஞ்சார்ந்த நன்றி.

முதல் நன்றி கொத்தனார்களுக்கு. கட்டடத்தின் கூரை, தேக்குக் கட்டைகளின் மேல் செங்கல்லைக் குத்துவாட்டில் அடுக்கிய கட்டைக்குத்து ஒட்டு. ஒழுகிய இடங்களில் பிற்காலத்தில் சிமெண்ட் பூசியிருந்தார்கள். சிமெண்ட் ஈரத்தை வெளியே விடாது. உள்ளே தங்கிய நீர் உப்பைக் கிளப்பிச் செங்கல்லை மாவாக்கும். சுவருக்குள் செருகிய கட்டை முனை உளுத்துப்போகும். இதை எடுத்துச் சொன்னவர்களும், கடப்பாரை போடாமல் சிற்றுளியால் அந்தப் பூச்சைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெயர்த்தவர்களும் அவர்கள்தான்.

சுண்ணாம்பை நீற்றி, 15 நாள் தொட்டியில் தண்ணீருக்கடியில் வைத்து, ஒரு பங்குக்கு இரண்டு பங்கு மணல் சேர்த்து அரைத்தார்கள். இடித்த கடுக்காய் ஊறிய நீரும் வெல்லக் கரைசலும் தனியே தயாராயின. செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து 4 அங்குலம் விரித்த தளத்தைப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, அந்த நீரைத் தெளித்துத் தெளித்து, மரக்கட்டையால் நாள்கணக்கில் அடித்தார்கள். கட்டை துள்ளித் திரும்பினால் தளம் இறுகிவிட்டது. தடம் பதிந்தால் இன்னும் அடிக்க வேண்டும். சித்திரை வெயிலில் சுண்ணாம்பு சீக்கிரம் காய்ந்தால் வெடித்துவிடும் என்பதால் ஈரச் சாக்கை உலரவே விடவில்லை. கூலி கொடுத்தாயிற்று என்று இவர்களைக் கடந்துபோக எங்களால் முடியாது.

சுண்ணாம்புக்கே மதிப்பீடு போட்டுத் தந்த பொறியாளருக்கும், வேலை நடந்த நாளெல்லாம் மோர் கொடுத்தனுப்பிய தெருக்காரர்களுக்கும் நன்றி.

அடுத்து, சேர்க்கைப் பதிவேடுகள். பிறந்த தேதிக்கும் சாதிச் சான்றுக்கும் பேரப்பிள்ளைகள்கூடத் தேடி வருவது இவற்றைத்தான். இராமபாணப் பூச்சி அரித்த தாள்களை ஒவ்வொன்றாக மென்தூரிகையால் துடைத்த ஆசிரியர்களுக்குக் கடமைப்பட்டிருக்கிறோம். கிழிசலில் செல்லோடேப் ஒட்ட வேண்டாம் என்று தடுத்தது பெரிய உதவி. அதன் பசை பழுப்பேறி, பிறகு உரிக்கும்போது எழுத்தையும் சேர்த்துப் பிடுங்கிக்கொண்டு வரும். மெல்லிய தாளும் கோதுமை மாப் பசையும் போதுமாக இருந்தன. தையல் விட்டுப்போகாமலிருக்க ஏட்டை முழுக்க விரிக்காமல், இரு பக்கமும் தலையணை கொடுத்து, பாதி திறந்த நிலையிலேயே படம் எடுத்தார்கள்.

அட்டவணை தயாரித்த ஓய்வுபெற்ற எழுத்தருக்குத் தனி வணக்கம். பழைய ஏட்டில் வகுப்பு இருக்காது, பாரம்தான் இருக்கும். முதல் பாரம் என்றால் ஆறாம் வகுப்பு. 1978-இல் மேல்நிலைக் கல்வி வரும் வரை ஆறாம் பாரம், அதாவது பதினோராம் வகுப்புதான் எஸ்.எஸ்.எல்.சி. இது தெரியாமல் தேடினால் ஒரே ஆளை ஓர் ஆண்டு தள்ளித் தேடிக்கொண்டிருப்போம். "எஸ்.எஸ்.எல்.சி. முடித்தார்" என்ற குறிப்புக்கு எதிரே எந்த வகுப்பு என்று அவர் பென்சிலால் எழுதிய சிறு எண்கள் அட்டவணைத் தாள் முழுக்க இருக்கின்றன.

மணியாகத் தொங்கும் தண்டவாளத் துண்டைத் துருவெடுத்து, அதே வேப்பங்கிளையில் மாட்டித் தந்த கொல்லருக்கும் நன்றி.

இன்னும் ஓர் உதவி வேண்டும். புரட்டாசி முடிவதற்குள் மாடிக்கு ஏறி, மழைநீர் வடியும் தூம்புவாயில் அடைத்திருக்கும் வேப்பிலையை வார வேண்டும். இரண்டு பேர், அரை நாள் வேலை.

அன்புடன்,
முன்னாள் மாணவர்கள்