தலைப்பு முடிவான அன்றே நூலகத்துக்கு அனுப்புங்கள்

மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் ஆராய்ச்சி மாணவர்களுக்கு வழிகாட்டும் பேராசிரியர்களுக்கு, வணக்கம்.

நான் ஒரு கல்லூரி நூலகர். உங்கள் மாணவர்கள் எங்களிடம் பெரும்பாலும் இரண்டு காரியத்துக்குத்தான் வருகிறார்கள்: கட்டுரையின் பிடிஎஃப் வேண்டும், இல்லையென்றால் தீசிஸ் முடிந்ததும் ப்ளேஜியரிசம் ரிப்போர்ட் வேண்டும். நடுவில் இருக்கிற பெரிய வேலையில், அதாவது எந்தச் சொல்லால் தேடுவது, எங்கே தேடுவது என்பதில், எங்களை யாரும் கேட்பதில்லை.

போன வருடம் ஒரு மாணவி வந்தார். பெரும்பாலும் காலில் வரும் நாள்பட்ட தொற்றான மதுரா ஃபூட் பற்றிய சிஸ்டமேட்டிக் ரிவ்யூ, அதாவது ஒரு கேள்வி பற்றி வந்த ஆய்வுகளை எல்லாம் முறையாகத் தேடித் தொகுக்கும் வேலை. நம்ம ஊர்ப் பெயரையே தாங்கிய நோய். 1842-ல் கில் என்ற மருத்துவர் இங்கேதான் அதைப் பதிவு செய்தார், 1860-ல் கார்ட்டர் அதற்கு மைசிடோமா என்று பெயர் வைத்தார். அந்தப் பிள்ளை பப்மெட் என்ற மருத்துவக் கட்டுரைத் தரவுத்தளத்தில் மேற்கோள் குறிக்குள் ‘மதுரா ஃபூட்’ என்று போட்டுத் தேடியிருந்தார். மேற்கோள் குறி போட்டால் பப்மெட் அந்தத் தொடரை மட்டும்தான் பார்க்கும், ஒரே பொருளைப் பேசும் கட்டுரைகளுக்கு அங்கே பொதுவாகக் கொடுக்கும் மைசிடோமா என்ற தலைப்புச் சொல்லுக்குத் தானாகப் போகாது. சரி, மைசிடோமா என்று போட்டால் போதுமா என்றால் அதுவும் போதாது, கட்டுரைத் தலைப்பிலும் சுருக்கத்திலும் தேடும்போது ஆக்டினோமைசிடோமா, யூமைசிடோமா என்ற அதன் வகைகள் எல்லாம் தனித்தனிச் சொற்கள், எந்த எழுத்தும் வரலாம் என்று காட்டும் நட்சத்திரக் குறியைச் சொல்லுக்கு முன்னால் போட பப்மெட் விடாது, ஒவ்வொன்றையும் எழுதித்தான் ஆக வேண்டும். முதலிலேயே வந்திருந்தால் ஒரு மத்தியானம் உட்கார்ந்து இதைச் சரி செய்திருப்போம். அவர் வந்தபோது கட்டுரைகளைச் சலித்து முடித்து, கடைசி அத்தியாயம் எழுதிக்கொண்டிருந்தார். மறுபடி தேடிச் சலிக்க நாலு மாதம் போனது. தப்பு அவருடையது இல்லை, யாரும் சொல்லித்தரவில்லை.

எத்தனை கட்டுரைகள் கிடைத்தன, எத்தனை கழிந்தன என்று காட்டும் பிரிஸ்மா படத்தை எல்லோரும் போடுகிறார்கள். தேடலை எப்படி எழுதிக் காட்ட வேண்டும் என்பதற்கென்றே 2021-ல் பிரிஸ்மா-எஸ் என்ற வழிகாட்டி வந்தது, 16 அம்சங்கள். ஒவ்வொரு தரவுத்தளத்திலும் போட்ட முழுத் தேடல் வரியும், தேடிய தேதியும் அதில் கேட்கப்படும். மாணவர் இதைத் தனியாக இழுத்துக்கொண்டு போக வேண்டுமா? ஒருவர் எழுதிய தேடல் வரியை இன்னொரு நூலகர் சரிபார்க்க பிரெஸ் என்ற வழிகாட்டியும் இருக்கிறது. எங்களிலும் பலர் இதையெல்லாம் இப்போதுதான் கற்றுக்கொண்டிருக்கிறோம், ஆனால் வேலை கொடுத்தால்தானே கை பழகும். 2025 ஜனவரியில், மத்திய அரசே சந்தா கட்டி ஆய்விதழ்களைப் படிக்கத் தரும் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம் தொடங்கிய பிறகு அரசுக் கல்லூரிகளில் பிடிஎஃப் தேடி அலைவது குறைந்திருக்கிறது. மிச்சமாகும் அந்த நேரத்தைத் தேடலுக்கு எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறேன்.

அப்புறம், பெயர் விஷயம். தேடலை நாங்கள் வடிவமைத்து, அந்தப் பகுதியை நாங்களே எழுதிக்கொடுத்தால், கட்டுரை ஆசிரியர்களில் ஒருவராக எங்களையும் சேருங்கள். நன்றியுரையில் ஒரு வரி போதாது.

இந்த வருடம் சேரும் ஸ்காலரை, புரோட்டோகாலை, அதாவது ஆய்வுத் திட்டத்தை, பதிவு செய்வதற்கு முன்பே அனுப்புங்கள். முடிந்தால் நீங்களும் கூட வாருங்கள். தேடலில் கட்டாயம் வந்து விழ வேண்டிய நாலைந்து கட்டுரைகள் எவை என்று உங்களுக்குத்தான் தெரியும்; அவை வரவில்லை என்றால் அங்கேயே வரியை மாற்றிவிடலாம்.

அன்புடன்,
ஒரு கல்லூரி நூலகர், மதுரை